மூலிகைப் போத்தலும் எங்கட இறால் குளங்களும்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. புத்தளம், முந்தல், உடப்பு, சிலாபம் பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர்களும், பண்ணைக்குப் பணம் போட்டிருப்பவர்களும், அவர்களுடைய வீட்டுப் பெண்களும் ஆறுதலாக வாசியுங்கள். ஒரே தடவையில் முடியாவிட்டால் சேமித்து வைத்துப் பிறகு வாசியுங்கள்.

போன கிழமை எங்கட குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. வேப்பிலை, மஞ்சள், உள்ளி, கருஞ்சீரகம் எல்லாம் சேர்த்துக் காய்ச்சிய சாறாம். இறால் தீனில் கலந்து போட்டால் வெள்ளைப்புள்ளி நோய் குளத்துக்குக் கிட்டவும் வராதாம். முழுக்க இயற்கை, பக்கவிளைவு இல்லை, லீற்றர் நாலாயிரத்து ஐந்நூறு ரூபா. மஃரிபுக்குள் மூன்று பேர் "எங்க வாங்கலாம்?" என்று கேட்டுவிட்டார்கள். ஒரு சாச்சா மட்டும் என்னைப் பெயர் சொல்லிக் கேட்டார். "நீ சயன்ஸ் படிப்பிக்கிற பிள்ளை. இது சரியா?"

நான் உடனே பதில் போடவில்லை. காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் இதே கேள்வியை என் சொந்த நானா கேட்டார். அன்று யோசிக்காமல் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதிலின் விலை என்னவென்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். நானாவிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். "எழுது. இன்னொருத்தன் படட்டும் என்று நான் இருக்கேலாது" என்றார்.

நானா இரண்டு குளங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். மச்சியின் காப்புகள் அடகுக்குப் போயின. உம்மாவின் சீட்டுக் காசும் போனது. அந்த நேரம் ஒருவர் மூலிகைச் சாற்றுப் போத்தல்களோடு வந்தார். ஹஜ்ஜுப் பெருநாளன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நானா என்னிடம் கேட்டார். நான் சோற்றில் இருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னேன்: "மூலிகைதானே நானா, நல்லது செய்யாட்டியும் கெடுதி செய்யாது."

அவ்வளவுதான். பிறகு யார் கேட்டாலும் நானா, "எங்கட டீச்சரே சொன்னா" என்றிருக்கிறார்.

அந்தப் போகத்தில் நானா இறால் குஞ்சுகளைப் பி.சி.ஆர் பரிசோதனை செய்யாமல் மலிவாகக் கிடைத்த இடத்தில் வாங்கினார். பரிசோதனைக்குப் போக வேண்டிய காசு போத்தலுக்குப் போனது. மூலிகை இருக்கிறதே என்ற தைரியம். நாற்பத்தேழாம் நாள் காலையில் தீன் தட்டில் போட்ட தீன் அப்படியே கிடந்தது. இறால்கள் வரம்போரம் வந்து மெதுவாக நீந்தின. ஓட்டில் சுண்ணாம்பு தெளித்ததுபோல வெள்ளைப் புள்ளிகள். நானா அதிகாரிகளிடம் போகவில்லை. போத்தல் கொடுத்தவரிடம் போனார். "அளவை இரண்டு மடங்காக்குங்க" என்றார் அவர். மூன்று நாள் அப்படிச் செய்தார். நான்காம் நாள் அள்ளுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. ராவோடு ராவாகத் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

அடுத்த கிழமை பக்கத்துக் குளமும் போனது. அந்தக் குளத்துக்காரரின் மகன் என் வகுப்பில் படித்தவன்.

நானாவின் குளத்துத் தண்ணீரால்தான் அது நடந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் நானா தண்ணீரைத் திறந்தது எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை இன்றைக்கும் என்னைக் கண்டால் சைக்கிளை நிறுத்தி சலாம் சொல்கிறான். நான் பதில் சலாம் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பெருநாள் மத்தியானம் ஞாபகம் வருகிறது.

ஆகவே சாச்சாவின் கேள்விக்கு இந்த முறை ஒழுங்காகப் பதில் சொல்லப் போகிறேன். மூலிகை எல்லாம் பொய் என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போக மாட்டேன். ஏனென்றால் அதுவும் உண்மையில்லை.

முதலில் மூலிகையின் பக்கத்து நியாயம்.

மீன், இறால் வளர்ப்பில் தாவரச் சாறுகளைத் தீனோடு சேர்ப்பது உலகம் முழுக்க ஆராயப்படும் ஒரு விஷயம். அதற்கு ஒரு பின்னணி உண்டு. பண்ணைகளில் நுண்ணுயிர் கொல்லி மருந்துகளை, நாங்கள் அன்ரிபயோட்டிக் என்று சொல்வதை, கண்டபடி பாவித்தார்கள். 2001, 2002 காலப்பகுதியில் ஆசிய நாடுகளிலிருந்து போன இறாலில் குளோரம்பெனிகோல், நைட்ரோபியூரான் என்ற மருந்துகளின் மிச்சம் இருந்ததை ஐரோப்பிய நாடுகள் கண்டுபிடித்தன. ஏற்றுமதிகள் தடுக்கப்பட்டன. 2006 ஜனவரி முதல், விலங்குகள் வேகமாக வளர்வதற்காகத் தீனில் அன்ரிபயோட்டிக் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் முற்றாக நிறுத்தியது. அப்படியென்றால் அதற்குப் பதிலாக என்ன என்று தேடும்போதுதான் உள்ளி, இஞ்சி, மஞ்சள் பக்கம் ஆய்வாளர்களின் கவனம் அதிகமாகத் திரும்பியது.

பலனும் கண்டிருக்கிறார்கள். ஸ்கொட்லாந்தின் ஹெரியட்-வொட் பல்கலைக்கழகத்தில் இருவர் ட்ரவுட் மீனுக்கு உள்ளி கொடுத்துப் பார்த்தார்கள். 2009 இல் வெளிவந்த ஆய்வு. நூறு கிராம் தீனுக்கு அரைக் கிராம், ஒரு கிராம் என்ற அளவுகளில் 14 நாள் கொடுத்துவிட்டு, ஏரோமோனாஸ் என்ற பக்டீரியாவை மீன்களுக்குச் செலுத்தினார்கள். உள்ளி தின்னாத மீன்களில் பெரும்பாலானவை செத்தன. தின்றவற்றில் மிகச் சிலதான் செத்தன. தாய்லாந்தில் 1990களில் கொய்யா இலைச் சாற்றை இறால் நோய்க்குப் பரிசோதித்தார்கள். எங்கட கருஞ்சீரகத்தையும் எகிப்து போன்ற நாடுகளில் திலாப்பியாவுக்கு, அதாவது நாங்கள் ஜப்பான் மீன் என்கிறோமே அதற்கு, தீனில் கலந்து பார்த்திருக்கிறார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? உள்ளியில் இருக்கும் கந்தகச் சேர்வைகள் சில பக்டீரியாக்களின் பெருக்கத்தைத் தடுக்கின்றன. சில தாவரங்கள் சமிபாட்டுக்கு உதவுகின்றன. இன்னும் சில, மீனின் உடலில் ஏற்கனவே இருக்கும் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகின்றன. இறாலுக்கு இந்த மூன்றாவது விஷயம் முக்கியம். மனிதருக்கும் மீனுக்கும் ஒரு நோய் வந்து போனால் அதை ஞாபகம் வைத்துப் பிறபொருளெதிரி உண்டாக்கும் தன்மை இருக்கிறது. அதனால்தான் தடுப்பூசி வேலை செய்கிறது. இறாலுக்கு அந்தப் பிறபொருளெதிரிகள் இல்லை. அதன் இரத்தத்தில் இருக்கும் கலங்கள் வந்ததோடு அந்த நேரத்துக்குச் சண்டை பிடிக்கும், அவ்வளவுதான். ஆகவே அந்தச் சண்டைக்காரனைக் கொஞ்சம் பலமாக வைத்திருக்க முடியுமா என்று பார்ப்பது நியாயமான முயற்சி.

இதுவரை மூலிகைக்காரர் சொல்வதோடு எனக்குச் சண்டை இல்லை. இனித்தான் இருக்கிறது.

ஒன்று. "வெள்ளைப்புள்ளி வராது" என்ற வாக்குறுதி.

வெள்ளைப்புள்ளி ஒரு வைரஸ் நோய். 1990களின் தொடக்கத்தில் கிழக்காசியாவில் தலைகாட்டி, 1996 இல் எங்கட மாவட்டத்துக்கு வந்தது. அந்த வருடம் நடந்ததை வாப்பாமாரிடம் கேளுங்கள். இறால் என்றால் தங்கம் என்றிருந்த காலம் ஒரே போகத்தில் முடிந்தது. முந்தலிலிருந்து சிலாபம் வரை வீதியோரம் இன்றும் புல் முளைத்துக் கிடக்கும் வெற்றுக் குளங்களில் எத்தனையோ அன்றைக்குக் கைவிடப்பட்டவை. நோய் வெளியே தெரியத் தொடங்கினால் மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் குளம் முழுவதும் போய்விடலாம். இன்றுவரை அதற்கு மருந்து கிடையாது. அன்ரிபயோட்டிக்கும் இல்லை, ஏனென்றால் அது பக்டீரியாவுக்கான மருந்து. மூலிகையும் இல்லை. ஆய்வுகூடத்தில் சில சாறுகள் சாவைக் குறைத்தன, சில நாள் தள்ளிப்போட்டன என்று ஆய்வுகள் உண்டு. தள்ளிப்போடுவது வேறு, வராமல் தடுப்பது வேறு. ஓ.எல் பிள்ளைக்கே இந்த வித்தியாசம் தெரியும். விற்கிறவருக்குத் தெரியாமல் இருக்காது.

உள்ளி காப்பாற்றியது பக்டீரியாவிடமிருந்து, நன்னீர் மீனை, சுத்தமான தொட்டியில். உவர்நீர்க் குளத்தில் வைரஸ் வந்த இறாலுக்கு அந்த ஆய்வைக் காட்டி விற்பது, காய்ச்சல் மாத்திரையைக் காட்டி நாய்க்கடிக்கு மருந்து என்பது மாதிரி.

இரண்டு. "இயற்கை, ஆகவே தீங்கில்லை."

நான் சொன்ன அதே வார்த்தை. அது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. எங்கட பண்ணைக்காரர்களுக்கே தெரிந்த ஒரு உதாரணம் இருக்கிறது. குஞ்சு விடுவதற்கு முன் குளத்திலிருக்கும் வேண்டாத மீன்களைக் கொல்ல என்ன போடுகிறோம்? தேயிலை விதைத் தூள். அது என்ன இரசாயனமா? மரத்தில் காய்த்த விதை. அதிலுள்ள சபோனின் மீனின் பூவைத் தாக்கி, இரத்தக் கலங்களை உடைத்துக் கொல்கிறது. அதே அளவில் இறால் தப்பிவிடும். ஒரே தாவரச் சாறு ஒன்றுக்கு நஞ்சு, மற்றதுக்கு இல்லை. இயற்கை என்ற சொல்லுக்குள் இரண்டுமே இருக்கின்றன.

வேம்புக்கு வாருங்கள். வேம்பில் அசாடிரக்டின் என்றொரு பொருள் இருக்கிறது. பூச்சிகள் தோலுரித்து வளர்வதை அது குழப்பிவிடுகிறது. அதனால்தான் வேப்பெண்ணெய் நல்ல பூச்சிகொல்லி. இப்போது யோசியுங்கள். இறாலும் ஓடு கழற்றித்தான் வளர்கிறது. பூச்சியும் இறாலும் ஒரே பெரிய கூட்டத்தைச் சேர்ந்தவை, ஓடு கழற்றச் சொல்லும் ஓமோனும் ஒரே வகை. இலையில் எவ்வளவு, விதையில் எவ்வளவு, போத்தலில் எவ்வளவு என்று தெரியாமல் வேப்பஞ் சாற்றைக் குளத்தில் ஊற்றுவதற்கு எனக்குப் பயமாக இருக்கிறது. நானாவுக்கு அளவை இரண்டு மடங்காக்கச் சொன்னவருக்குப் பயம் இருக்கவில்லை.

மூன்று. போத்தலில் உண்மையில் என்ன இருக்கிறது?

ஒரே மரத்து இலை மாரியில் ஒரு மாதிரி, கோடையில் ஒரு மாதிரி. இளம் இலை வேறு, முற்றல் வேறு. வெந்நீரில் ஊறவைத்தால் ஒரு பகுதி இறங்கும், அற்ககோலில் ஊறவைத்தால் வேறொன்று இறங்கும். ஆய்வில் மெதனோலில் எடுத்த சாறு நல்லது என்று வந்திருக்கும். இங்கே ஒருவர் அலுமினியச் சட்டியில் காய்ச்சிவிட்டு அதே ஆய்வைக் காட்டுவார். போதாக்குறைக்கு, 2020 இல் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது மஞ்சள் தூளுக்குள் என்னென்ன கலந்தார்கள் என்று நாங்கள் கண்ணால் கண்டவர்கள். சமையலுக்கு விற்ற மஞ்சளையே அப்படிச் செய்தவர்கள், இறாலுக்கு விற்கும் மஞ்சளை விட்டுவைப்பார்களா?

நானாவின் வீட்டில் அந்தப் போத்தல் ஒன்று இன்னும் இருக்கிறது. அதில் பச்சை இலைப் படம் இருக்கிறது. "நூறு வீதம் இயற்கை" என்று இருக்கிறது. என்ன தாவரம், எத்தனை வீதம், எப்போது செய்தது, எத்தனை நாளைக்குப் பாவிக்கலாம், யார் பரிசோதித்தது, ஒன்றும் இல்லை.

நான்கு. குளத்துக்குள் போனபின் என்ன நடக்கிறது?

இறால் மீன் மாதிரி லபக்கென்று விழுங்காது. தீனைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்னும். அதற்குள் தீன் தண்ணீரில் ஊறும். மேலே சும்மா தெளித்த சாறு தண்ணீரில் கரைந்துவிடும். ஒழுங்காகச் செய்பவர்கள் சாற்றை மீனெண்ணெயோ வேறு ஒட்டும் பொருளோ சேர்த்துத் தீனில் பிசறி, நிழலில் உலரவிட்டுப் போடுவார்கள். இன்னும் சிலர் இலையை அரைத்து நேரடியாகக் குளத்தில் கொட்டுகிறார்கள். அது அழுகும். அழுகும்போது ஒட்சிசனை இழுக்கும். விடியற்காலையில்தான் குளத்தில் ஒட்சிசன் ஆகக் குறைவு. நோய் வராமலே இறால் மூச்சுத் திணறும்.

ஐந்து. இதுதான் எனக்கு மிக முக்கியமானது. போத்தலின் விலை நாலாயிரத்து ஐந்நூறு இல்லை. அதன் உண்மையான விலை மூன்று நாள்.

நானா இழந்த மூன்று நாளைப் பாருங்கள். முதல் நாளே அறிவித்திருந்தால், மதகை அடைத்து வைத்திருக்கலாம். இருந்ததைப் பிடித்துக் கொஞ்சமாவது விற்றிருக்கலாம். தண்ணீரைத் திறக்காமல் குளோரின் போட்டுக் கிருமியைக் கொன்றிருக்கலாம். பக்கத்துக் குளத்துக்காரர் தண்ணீர் எடுப்பதை நிறுத்தியிருப்பார். போத்தல் தந்த நம்பிக்கை இதெல்லாவற்றையும் தடுத்தது. "மருந்து போட்டிருக்கிறேன், சரியாகிவிடும்" என்ற நினைப்பு வாயை மூடவைத்தது.

எங்கட பண்ணைகள் தனித்தனித் தீவுகள் இல்லை. களப்பும் டச்சுக் கால்வாயும் சேர்த்துக் கட்டிய ஒரே கயிறு. நான் வெளியே விடும் தண்ணீரைத்தான் நீங்கள் உள்ளே எடுக்கிறீர்கள். நண்டு நடந்து போகிறது, பறவை செத்த இறாலைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த குளத்தில் போடுகிறது. அதனால்தான் எந்தப் பகுதியில் எப்போது குஞ்சு விடலாம் என்று பயிர்க் கலண்டர் போல ஒரு அட்டவணை வைத்திருக்கிறார்கள். ஒருவர் மறைத்தால் எல்லோருக்கும் போகும்.

இங்கே மார்க்கம் சம்பந்தமாக இரண்டு வார்த்தை. நான் ஆலிமா இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன்.

குரல் பதிவில் கருஞ்சீரகம் பற்றிய ஹதீஸைச் சொல்லித்தான் வியாபாரத்தை ஆரம்பித்தார்கள். அந்த ஹதீஸை நாங்கள் நம்புகிறோம், அல்ஹம்துலில்லாஹ். எங்கள் வீட்டிலும் கருஞ்சீரகம் இருக்கிறது. ஆனால் இந்தப் போத்தலை இந்த விலைக்கு வாங்கினால் இந்த இறாலுக்கு இந்த நோய் வராது என்று அந்த ஹதீஸ் சொல்லவில்லை. அதை வியாபாரிதான் சேர்த்துச் சொல்கிறார். நபிமொழியை விளம்பரப் பலகை ஆக்குவதை ஜும்ஆ மேடையில் உலமாக்கள் கண்டிக்க வேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள். நாளைக்குக் குளம் செத்தால் சின்னப் பிள்ளையின் மனதில் எதன்மேல் சந்தேகம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் எல்லோருக்கும் தெரியும். மேலே காய்ந்தது, உள்ளே ஈரம். மறைத்து விற்றவருக்கு என்ன சொன்னார்கள் என்பதும் தெரியும். லேபலில் பச்சை இலையும் உள்ளே என்னவென்று தெரியாத சாறும் அதே குவியல்தான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்ற பாடமும் எங்களுக்கு இருக்கிறது. குஞ்சைப் பரிசோதிக்காமல் போத்தலை நம்புவது தவக்குல் இல்லை. பக்கத்துக்காரரின் குளத்துக்கு நோயைத் திறந்துவிடுவது அண்டை வீட்டாரின் ஹக். அதற்கு என் நானாவும் பதில் சொல்ல வேண்டும். "கெடுதி செய்யாது" என்ற நானும்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள்.

முதலாவது காசு பரிசோதனைக்குப் போகட்டும். தாய் இறாலிலிருந்தே குஞ்சுக்கு வைரஸ் வரலாம். ஆகவே பி.சி.ஆர் முடிவு இல்லாத குஞ்சை, எவ்வளவு மலிவு என்றாலும் வாங்காதீர்கள். தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, நாங்கள் நெக்டா என்கிறோமே, அவர்களுடைய விரிவாக்க அலுவலர்களின் இலக்கத்தைக் குழுக்களில் போட்டு வையுங்கள். போத்தல்காரரின் இலக்கத்தை எல்லோரும் வைத்திருக்கிறோம்.

இரண்டாவது, பழைய சலிப்பான வேலைகள். குளத்தை வெடிக்கும்வரை காயவிடுதல், சேற்றை அகற்றுதல், சுண்ணாம்பு, வரும் தண்ணீரை முதலில் தேக்கி வைத்தல், வலை வேலி, பறவைக்கு நூல், அளவாகக் குஞ்சு விடுதல், தீன் தட்டைத் தினமும் பார்த்தல். மழை தொடங்கி உப்பு சட்டென்று குறையும்போது இரட்டிப்புக் கவனம், அந்த அழுத்தத்தில்தான் நோய் எழும்புகிறது. இதையெல்லாம் யாரும் குரல் பதிவில் அனுப்பமாட்டார்கள். இதில் லாபம் பண்ணைக்காரருக்கு மட்டும்தான்.

மூன்றாவது, மூலிகையைப் பாவிக்க விரும்பினால் பாவியுங்கள், துணையாக. நோய் வருமுன், அளவு தெரிந்து, குறிப்பிட்ட நாளைக்கு, தீனில் ஒழுங்காக ஒட்டவைத்து. கூடக் கொடுத்தால் கூட நல்லது என்று இல்லை. சில தாவரங்களில் இருக்கும் தனின், சபோனின் போன்றவை அளவு மிஞ்சினால் சமிபாட்டைக் குறைத்து வளர்ச்சியையே நிறுத்தும். விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் என்ன இருக்கிறது? இதை எந்த இறாலில், எந்த நோய்க்கு, யார் பரிசோதித்தார்கள்? குளம் செத்தால் நீங்கள் எதற்குப் பொறுப்பு? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் முதல் இரண்டுக்கும் பதிலாக இருக்கும்.

நான்காவது, நாங்களே செய்து பார்க்கலாம். ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்று படிப்பிக்கிறேன். இரண்டு பூச்சாடி, ஒன்றுக்குப் பசளை, மற்றதுக்கு இல்லை, மற்ற எல்லாம் சமம். அதே விஷயம்தான். ஒரு சங்கத்தில் பத்துப் பேர் இருந்தால் ஐந்து பேர் தீனில் உள்ளி சேர்க்கட்டும், ஐந்து பேர் சேர்க்காமல் விடட்டும். யார் சேர்ப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். ஒரே பொரிப்பகத்துக் குஞ்சு, ஒரே கிழமை, ஒரே தீன். எத்தனை உயிர் தப்பியது, எத்தனை கிலோ தீனுக்கு எத்தனை கிலோ இறால் என்று கொப்பியில் எழுதுங்கள். ஒரு போகம் போதாது, இரண்டு மூன்று போகம் பாருங்கள். மாக்கந்துரையில் வயம்பப் பல்கலைக்கழகத்தின் மீன்பிடிப் பீடமும் கற்பிட்டியில் நாரா நிலையமும் எங்களுக்குத் தூரமில்லை. சங்கமாகப் போய் உதவி கேட்டால் கௌரவமாக இருக்கும். கொப்பி எழுத ஆள் வேண்டுமென்றால் பின்னேரத்தில் நான் வருகிறேன். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

நன்னீர்க் குளத்தில் ஜப்பான் மீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு வரி. தப்போவ போன்ற பெரிய குளங்களில் குஞ்சு விட்டுப் பிடிக்கும் மீன், இருக்கிற பாசியையும் இயற்கை உணவையும் தின்று வளர்கிறது. தீனே போடாத இடத்தில் தீனில் சேர்க்கும் சாறு எதற்கு? தொட்டியிலும் கூட்டிலும் தீன் போட்டு வளர்க்கிறவர்களுக்குத்தான் உள்ளி, கருஞ்சீரகம் பற்றிய ஆய்வுகள் பொருந்தும். அங்கே வரும் நோய்களில் பல பக்டீரியாவால் வருவதால், மூலிகைக்குக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பும் இருக்கிறது. கோழிக்கு விற்கும் அன்ரிபயோட்டிக்கை வாங்கிக் குளத்தில் கொட்டுவதைவிட அது நூறு மடங்கு நல்லது. அந்த மருந்துக்குப் பழகிப்போன பக்டீரியா நாளைக்கு எங்கட பிள்ளையின் புண்ணுக்கு வந்தால் ஆஸ்பத்திரியிலும் மருந்து இருக்காது.

ஐந்தாவது, நோய் வந்தால் வாயைத் திறவுங்கள். அன்றைக்கே. வெட்கம் இல்லை, அவமானம் இல்லை. சொன்னவரைக் கேலி செய்பவர்தான் வெட்கப்பட வேண்டும். ஒவ்வொரு சங்கமும் நோய் அறிவித்தவருக்குக் குளோரினுக்காவது உதவி செய்ய ஒரு சின்ன நிதி வைத்தால், ராவோடு ராவாக மதகு திறக்கிற வேலை பாதியாகக் குறையும். ஸக்காத், ஸதகா நிதி வைத்திருக்கிற பள்ளிவாசல் நிர்வாகங்கள் இதைப் பற்றி ஆலிம்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

நானா இப்போது இறால் செய்வதில்லை. ஒரு தும்பு ஆலையில் லொறி ஓட்டுகிறார். மச்சியின் காப்பில் ஒன்று திரும்பி வந்தது, மற்றவை ஏலத்தில் போய்விட்டன. அவர் என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. போன கிழமை குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லாக் கதைக்கிறாங்க, என்ன?" என்று மட்டும் சொன்னார்.

சாச்சா, உங்கட கேள்விக்கு என் பதில் இது. மூலிகையில் நன்மை இருக்கலாம், அளவும் ஆதாரமும் இருந்தால். இந்தப் போத்தலில் இரண்டுமே இல்லை. வாங்க வேண்டாம். அந்தக் காசுக்குக் குஞ்சைப் பரிசோதியுங்கள். நான் சொன்னதில் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள், பதிவை மாற்றி எழுதுகிறேன். ஒருமுறை யோசிக்காமல் சொன்னதைத் திருத்த எனக்கு இத்தனை வருடம் போனது.

அந்தக் குரல் பதிவு உங்கள் குழுவுக்கும் வந்திருந்தால், அதற்குக் கீழே இதையும் போட்டுவிடுங்கள். பண்ணையில் பாடுபடுகிற எல்லோருடைய ரிஸ்கிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

வஸ்ஸலாம்.